நானூறு லாரிக்கு ஒரே புகை

போன ஆடி மாத நிலவரப்படி எங்கள் காரைமேட்டில் புகை விட்ட பழைய வண்டி ஒன்றே ஒன்றுதான். இதை நான் சொல்லவில்லை, காற்று ஆணையத்தின் இயந்திரம் சொன்னது. மீதி நானூறு லாரிகளும் பச்சைப் பிள்ளைகளாம். இருபது வருஷம் ஓடி, பம்ப் தேய்ந்து, மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவனுக்குச் சாலையே தெரியாதபடி கறுப்பாகக் கக்கும் லாரிகள் அவை. ஒரே குற்றவாளி தவமணியின் வேன். அந்த வேனோ இன்ஜின் பூட்டப்பட்டு, அவள் வீட்டு வேப்பமரத்தடியில் டயருக்குக் கல் வைத்து நின்றுகொண்டிருந்தது. நின்ற இடத்தில் நின்றபடியே அது ஊர் முழுக்கப் புகை விட்டதாக இயந்திரம் எழுதியது. அதைப் படித்த அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வேனில்தான் நானும் இன்னும் ஐந்து பேரும் வாரம் மூன்று முறை ஈரோட்டுக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தோம்.

என் பெயர் செங்கோடன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து ஆயுள் முழுக்க இந்த லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் கிரிதரன் மாடியில் குடியிருக்கிறான். அவனுக்கு ஆறு லாரி. ஈரோட்டு ஆஸ்பத்திரியின் வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் படுத்துக்கொண்டு பார்ப்பதற்காகச் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கிக் கொடுத்தான். கடமை முடிந்தது.

புகை விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் பழைய வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வாங்குவது எங்கள் ஊரில் ஒரு கலையாக இருந்தது. நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், புகை அளக்கும் குழாயைப் பக்கத்துக் கடைக்காரனின் புது ஸ்கூட்டரில் செருகுவார்கள், சான்றிதழ் லாரிக்கு வந்துவிடும். லாரி அந்த நேரம் நாக்பூரில் இருக்கும். இந்தத் திருட்டை ஒழிக்கத்தான் ஆணையம் புதுத் திட்டம் கொண்டுவந்தது. மனிதனுக்குக் கைரேகை இருப்பதுபோல் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு புகைரேகை உண்டு என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்களாம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிகள் ஒரே ஒரு முறை தங்கள் புகைரேகையைப் பதிந்துவிட்டால் போதும். அதன் பிறகு வருஷா வருஷம் பரிசோதனை கிடையாது. தெருவுக்குத் தெரு நட்ட கம்பங்கள் காற்றை முகர்ந்து, எந்த வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்று தாமே எழுதிக்கொள்ளும். அளவு மீறினால் மூன்று எச்சரிக்கை. அதற்கும் அடங்காவிட்டால், வண்டிக்குள் ஆணையம் வைத்த பெட்டி இன்ஜினைப் பூட்டிவிடும். பூட்டிய பிறகும் ஆறு மாதம் புகை வந்தால் உரிமையாளர் மேல் வழக்கு, சிறை.

அந்தக் கம்பங்களுக்கு எங்கள் ஊரில் மோப்பன் என்று பெயர் வைத்தார்கள். மோப்பனுக்கு மூக்கு மட்டும்தான் உண்டு, கண் கிடையாது. கண்ணும் வைத்தால் செலவு கூடும் என்று மூக்கோடு நிறுத்திவிட்டார்கள். முதலில் எங்கள் வட்டாரத்தில் வெள்ளோட்டம், பிறகு மற்ற ஊர்கள் என்று திட்டம். வெள்ளோட்டத்துக்குக் காரைமேட்டைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, அவனுக்கு எங்களைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது.

ரேகை பதியும் உரிமை லோகுவின் புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கிடைத்தது. பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் லாரி உரிமையாளர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் அர்த்தநாரி எழுந்து, எல்லா லாரிக்கும் சுத்தமான ஒரே வண்டியின் புகையைக் கொடுத்துவிடலாம் என்றார். அதற்குப் பொருத்தமான வண்டி ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. தர்ம ஸ்தாபனம் நடத்துகிற அமரர் ஊர்தி. அதுவும் பழைய டீசல் வண்டிதான். ஆனால் மெதுவாக ஓடுவது, குறைவாக ஓடுவது, மாதா மாதம் சர்வீஸ் பார்ப்பது. குழந்தையின் மூச்சு மாதிரி புகை.

உடனே கூட்டத்தில் முணுமுணுப்பு. திருட்டுத்தனம் செய்கிறோமே என்று இல்லை. பிண வண்டியின் புகையை நம்ம லாரிக்குக் கொடுத்தால் தொழில் விளங்குமா என்று. பெரிய யோசனைக்குப் பிறகு மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், வெள்ளைப் பூ. அம்மன் இவர்களிடம் மாட்டிக்கொண்டு என்ன பாடுபடுகிறாளோ தெரியவில்லை. அமரர் ஊர்தியை லோகு கடையில் கொண்டுவந்து நிறுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, நானூறு லாரிக்கும் அதன் சைலன்சரிலிருந்தே புகை பிடித்தார்கள். என் மகனின் ஆறு லாரியும் அதில் சேர்த்தி.

தவமணிக்கும் லோகு சொல்லியிருக்கிறான். "அம்மணி, உங்க வேனுக்கும் இதையே போட்டுடட்டுங்களா?" அவள் மாட்டேன் என்றாள். புருஷன் விபத்தில் போன பிறகு அந்த ஒரு வேனை வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். "நோயாளிங்கள ஏத்தற வண்டிங்க. பொணவண்டி பேர்ல ஓட்ட எனக்கு மனசு வரலீங்க. எம் வண்டி என்ன பொகை உடுதோ, அதையே எழுதிக்குங்க" என்றாள். ஊரில் சொந்தப் புகையை எழுதிக்கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

திட்டம் தொடங்கிய மாதமே காரைமேட்டுக்கு விருது வந்தது. நானூறு பழைய லாரிகளும் ஒன்றுபோல், இம்மி பிசகாமல், இவ்வளவு சுத்தமாக ஓடும் ஊர் வேறு எங்கும் இல்லை என்று பாராட்டு. நானூறு பேருக்கு ஒரே கைரேகை இருந்தால் போலீஸ்காரன் சந்தேகப்படுவான். ஆணையம் கேடயம் கொடுத்தது. அர்த்தநாரி சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் சுற்றுச்சூழல் பற்றி அரை மணி நேரம் பேசினார். நடுநடுவே இருமல் வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்தார்.

அதே வாரம் தவமணியின் வேனுக்கு மூன்று எச்சரிக்கையும் ஒரே காலையில் வந்தன. நாங்கள் ஆறு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தோம். அவள் சாவியைத் திருப்பினாள், வண்டி செத்தது. மறுபடி திருப்பினாள். பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். 

"என்னமோ ஆயிப்போச்சுங்ணா" என்றாள். "கொஞ்சம் எறங்கிக்குங்க, பாக்கறேன்."

பார்த்து என்ன செய்ய? ஆணையத்தின் பூட்டை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது. மறுநாளிலிருந்து எங்கள் பாடு பேருந்தோடு. மூன்று பேருந்து மாறி ஈரோடு, ரத்தம் சுத்தமாகிக் கால் துவளும் நேரத்தில் மூன்று பேருந்து மாறி ஊர். கிரிதரன் தன் பேட்டரி காரை எனக்காக அனுப்பினான். நான் மற்றவர்களையும் அதில் அடைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது சலூன் நடேசன் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டான். அடுத்த தடவை கார் வரவில்லை. மாடியிலிருந்து போனில், "உங்களுக்கு மட்டும்னா அனுப்பறனுங்க. தர்ம வண்டி ஓட்ட முடியாதுங்கப்பா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒரு நாள் ஆணையத்திலிருந்து நஸீமா என்று ஒரு பெண் அதிகாரி வந்தாள். பூட்டிய வண்டி எப்படி இன்னும் புகை விடுகிறது என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் வேனைச் சுற்றி வந்தாள். சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கையிலிருந்த கருவியைப் பார்த்தாள், குளவியைப் பார்த்தாள், தலையைச் சொறிந்துகொண்டாள்.

"சார், இந்த நிமிஷம் இந்த வண்டி பஸ் ஸ்டாண்ட்ல, பாலத்துல, கல்குவாரியில, எல்லா இடத்துலயும் ஓடிக்கிட்டு இருக்குன்னு காட்டுது" என்றாள்.

"ரொம்பச் சுறுசுறுப்பான வண்டிதாம்மணி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கருவியை நோண்டிவிட்டு, திண்டாட்டமான முகத்தோடு எனக்கு விளக்கினாள். "கம்பம் ஒரு புகைய முகர்ந்தா அது யாரோடதுன்னு பதிவுல தேடும். எந்த ரேகையோடயும் பொருந்தலைன்னா அதை அப்படியே விட முடியாது சார். புகைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தே ஆகணும்னு மேல சொல்லிட்டாங்க. அதனால சாயல்ல எது கிட்ட இருக்கோ, அந்த வண்டி பேர்ல எழுதிடும்."

"எங்க லாரி ஒண்ணோட நிஜப் பொகையும் பதிவுல இல்ல."

"அப்படித்தான் தெரியுது. அதெல்லாம் அநாதைப் புகை. அதுக்குச் சாயல்ல கிட்ட இருக்கிற பழைய டீசல் ரேகை, உண்மையா பதிஞ்ச இந்த வேனோடதுதான். ஊர்ப் புகை மொத்தமும் இவங்க தலையில விழுந்திருக்கு."

தவமணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நானும் பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பனுங்களா?" என்று கேட்டாள். நஸீமா கருவியைப் பைக்குள் வைத்தாள்.

"எழுதிக் குடுத்தா நடவடிக்கை எடுப்பீங்களா?" என்று நான் கேட்டேன்.

"விருது வாங்கின ஊர் சார் இது. இவங்க மேல நடவடிக்கைன்னா, விருது குடுத்தவங்க மேலயும் எடுக்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் தற்காலிகப் பணியில இருக்கேன். என்னால முடிஞ்சது, விதிகளை உங்களுக்குச் சொல்றது மட்டும்தான். வேனைக் காயலான் கடையில போட்டு ரேகைய ரத்து பண்ணிட்டா, அம்மா மேல வழக்கு வராது. ஆறு மாசம் ஆகறதுக்குள்ள பண்ணணும்."

"அப்பறம் அந்தப் பொகை எங்க போகும்?"

"அதுக்கு அடுத்துச் சாயல்ல கிட்ட இருக்கிற ரேகைக்கு" என்றாள்.

இருந்தாலும் எனக்குப் புத்தி வரவில்லை. இதை எடுத்துச் சொன்னால் நான்கு பேருக்காவது வெட்கம் வரும் என்று நினைத்தேன். இத்தனை காலம் இவர்களோடு தொழில் செய்த பிறகும் அப்படி நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆளுக்குப் பாதி லாரிக்காவது, தப்பாகப் பதிந்ததை ஆணையத்தில் ஒப்புக்கொண்டு உண்மையான ரேகை பதியுங்கள், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், நாங்கள் ஆறு பேர் உயிரோடு இருக்க வேண்டும் என்றேன்.

 அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க மாமா, மொதல்ல யாரு பதியறதுங்க? மொதல்ல உண்மையைப் பதியறவன் தலையிலதானுங்களே ஊர்ப் பொகை பூராவும் வந்து உழுகும்?"

"எல்லாரும் ஒரே நாள்ல பதியுங்க."

"மத்தவங்க வருவாங்கன்னு எவன் நம்பறதுங்க?" என்றார். ஒருவரை ஒருவர் எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "செரி, அந்த வேனைக் காயலாங் கடைக்குப் போட்டுட்டா பொகை எங்கீங்க போகும்?"

"உங்க எல்லார்த்து தலைக்கும். அடுத்த ரேகை அமரர் ஊர்தியோடதுதான்."

அப்போதுதான் எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. அர்த்தநாரி சபையைப் பார்த்துத் திரும்பினார். "அப்ப அந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கோணுமுங்க" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பார்த்துக்கொண்டார்கள். வெயில் படாமல் வேனுக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். காவலுக்கு ஓர் ஆள் போட்டார்கள். ஆயுத பூஜைக்குத் தவமணியைக் கேட்காமலே வந்து வேனுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொரி கடலை வைத்துப் படைத்தார்கள். தவமணி லோகுவிடம் போய், வெட்கத்தை விட்டு, தன் வேனுக்கும் அமரர் ஊர்தியின் ரேகையைப் போட்டுக்கொடு என்று கேட்டாள். ரேகை ஒரு தடவைதான் பதியலாம், சட்டம் இடம் கொடுக்காது என்றான் லோகு. அவன் வாயிலிருந்து சட்டம் என்ற சொல் வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் நடேசன் இறந்துபோனான். பேருந்தில் போகத் தெம்பில்லாமல் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தண்ணீர் நெஞ்சில் ஏறிவிட்டது. எனக்கு இருபது வருஷமாக முடி வெட்டியவன், வெட்டும்போதெல்லாம் ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன். அமரர் ஊர்தியில் அவனை ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். வண்டி நகர்ந்ததும் வழிநெடுக மோப்பன்கள் முகர்ந்தன. அந்த ரேகைக்குப் பதிவில் நானூறு பெயர் இருக்கிறதே. நானூறு லாரியும் வரிசையாகச் சுடுகாடு வரை போனதாக இயந்திரம் எழுதியிருந்தது என்று நஸீமா பிறகு சொன்னாள். லாரிக்காரன் ஒருத்தன்கூட வரவில்லை. நடேசனுக்கு ஆணையத்தின் கணக்கில் மட்டும் ராஜ மரியாதை கிடைத்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது தவமணி என் பக்கத்தில் நடந்து வந்தாள். 

"வண்டியப் போட்டுடலாமுங்ணா" என்றாள்.

"போட்டுட்டா உனக்குப் பொழப்புக்கு என்னம்மணி?"

"இப்ப மட்டும் என்னங்க பொழப்பு? வண்டி இருக்குதுன்னு பேரு, ஓடறதில்ல. அவிங்களுக்கு மட்டும் அது நின்னுட்டே ஓடுதுங்க" என்றாள். நடேசன் உட்காரும் சீட்டுக்குப் பின்னால் அவன் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கம்பி வைத்துக் கொடுத்திருந்தாள். அந்தக் கம்பியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அர்த்தநாரி மகளின் நிச்சயதார்த்த விருந்தன்று ஊர் லாரிக்காரர்கள் அத்தனை பேரும் பந்தியில் இருந்தார்கள், காவல்காரன் உட்பட. நாங்கள் பேட்டரி கிரேன் ஒன்றைக் கூட்டி வந்து வேனைத் தூக்கினோம். காயலான் கடையில் அது நசுங்கும்போது தவமணி அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். நஸீமா போனிலேயே ரேகையை ரத்து செய்தாள். "ஆச்சு சார்" என்றாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது.

மறுநாள் விடிந்தபோது ஊரில் ஒரு சத்தமும் இல்லை. அப்படிப்பட்ட காலையை நான் இந்த ஊரில் கண்டதில்லை. நானூறு லாரிக்கும் பூட்டு. பாலத்தின் நடுவில் நாலு, குவாரிப் பள்ளத்துக்குள் பதினைந்து, தக்காளி ஏற்றிய லாரி ஒன்று மார்க்கெட் வாசலை அடைத்துக்கொண்டு. அமரர் ஊர்திக்கும் பூட்டு விழுந்தது. நல்ல வேளை, அன்றைக்கு யாரும் சாகவில்லை. பாவம், ஒரு குற்றமும் செய்யாத வண்டி அது ஒன்றுதான். நான் மூன்று பேருந்து மாறி டயாலிசிஸ் போய்வந்தேன். அலுப்புத் தெரியவில்லை.

ஒரு வாரம் ஓட்டமில்லை. காற்று தெளிந்து, பல வருஷமாகத் தெரியாத மலை வடக்கே தெரிந்தது. அதைப் பார்த்தாவது எவனாவது சும்மா இருந்திருக்கலாம். சங்கம் இரவும் பகலும் கூடியது. எல்லாரும் சேர்ந்து உண்மையான ரேகை பதிவது என்பது அவர்களுக்கு அப்போதும் தோன்றவில்லை. அவர்கள் தேடியது வேறு. ஊர்ப் புகையைத் தலையில் வாங்கிக்கொள்ள இன்னொரு நேர்மையான ஆள். பெண் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவனும் சிக்கவில்லை.

அப்போதுதான் கிரிதரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் இளநீர். எனக்கு இளநீர் ஆகாது, அதிலுள்ள சத்து என் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வாங்கி ஓரமாக வைத்தேன்.

"அப்பா, ஒரு காரியமுங்க."

"சொல்லு கண்ணு."

"தோட்டத்துல பழைய டிராக்டர் ஒண்ணு கெடக்குதுல்லங்க. அதை உங்க பேருக்கு மாத்தி, அதோட நெஜப் பொகையப் பதிஞ்சரலாமுன்னு சங்கத்துல பேசிக்கிட்டோமுங்க. லாரிப் பொகைக்கும் அதுக்கும் சாயல் ஒத்துப்போகுமாமா. பழைய கணக்கும் அதும் பேருக்கு மாறி, எல்லாப் பூட்டும் தொறந்துக்கும்."

"பொகை பூராவும் எம் பேருக்கு வருமே."

"வருமுங்க. ஆனா டிராக்டர் பூட்டுனா நமக்கென்னங்க நட்டம்? ஆறு மாசங் கழிச்சுத்தான் கேஸு. கேஸு நடந்து தீர்ப்பு வர அஞ்சாறு வருசம் ஆகுமுங்க. அதுக்குள்ள..."

அத்தோடு நிறுத்திக்கொண்டான். தரையைப் பார்த்தான். நான் பெற்று வளர்த்த பிள்ளை, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதுதான் அவன் எனக்குக் காட்டிய மரியாதை.  வாய்விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஏன் என்னையப் புடிச்சீங்க?" என்றேன்.

"ஊருல நல்ல பேரு இருக்கறவரு நீங்கதானுங்கப்பா."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு நஸீமாவுக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன், அவள் விதியைச் சொன்னாள். இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு மகனைக் கூப்பிட்டு, ஒரு நிபந்தனையோடு சம்மதம் சொன்னேன். சங்கம் தவமணி பேருக்குப் புது பேட்டரி வேன் வாங்கிக் கொடுக்க வேண்டும், நோயாளிகள் ஒருவரும் காசு தர மாட்டார்கள், அவள் கூலியையும் சங்கமே தர வேண்டும். ஒரு மணி நேரத்தில் அர்த்தநாரி ஒப்புக்கொண்டார். கஞ்சத்தனத்துக்குப் பேர் போன ஆள், பேரம் பேசக்கூட இல்லை. வேன் வந்து தவமணி அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

டிராக்டரை லோகு கடைக்கு இழுத்து வந்தார்கள். எந்த வண்டிக்குச் சான்றிதழோ அதே வண்டியில் குழாயைச் செருகிப் பழக்கமில்லாததால் லோகுவின் கை முதலில் பக்கத்து ஸ்கூட்டர் பக்கமே போயிற்று. பதிவு முடிந்தது. சாயங்காலத்துக்குள் நானூறு பூட்டும் திறந்து, வடக்கே மலை மறைந்தது. அர்த்தநாரி எனக்குச் சால்வை போர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கிரிதரன் சந்தோஷமாக இருந்தான். என் கட்டிலோரம் உட்கார்ந்துகூடப் பேசினான். அப்போதுதான் சொன்னேன்.

"கண்ணு, வேனுக்கு ஒரு விதி, டிராக்டருக்கு ஒரு விதி இல்ல. உரிமையாளர் உசுரோட இருக்கறப்ப அவரே போயிக் காயலாங் கடையில போட்டாத்தான் ரேகை ரத்தாகும். செத்துப்போனா ரத்தாகாது. அது பாட்டுக்கு வாரிசு பேருக்கு மாறிக்கும். பூட்டு, கேஸு, செயிலு, எல்லாஞ் சேத்து."

அவன் புரியாமல் பார்த்தான்.

"எனக்கு வாரிசு நீ ஒருத்தந்தானே" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "நீங்க டிராக்டரைப் போட்டுடுங்கப்பா, நாளைக்கே போட்டுடலாமுங்க" என்றான். போட்டால் நானூறு லாரியும் மறுபடி நிற்குமே, அர்த்தநாரியிடம் யார் பதில் சொல்வது என்று கேட்டேன்.  மாடிப்படியில் பாதி ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் வாரிசாகும் நாளைத் தள்ளிப்போட வழி ஒன்றுதான், நான் சாகாமல் இருப்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் கூடவே வருகிறான். தவமணி தன் புது வேனில் மாட்டி வைத்திருக்கும் நடேசனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நோயாளிகளோடு நெருக்கி உட்கார்ந்து வருகிறான். நான் குடிக்கும் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்கிறான். உப்புக் கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது என்று எனக்கே பாடம் நடத்துகிறான். டாக்டரிடம் ரிசல்ட்டை ஒவ்வோர் எண்ணாகக் கேட்டு எழுதிக்கொள்கிறான். புதிதாக வந்த நர்ஸ், "உங்க பையன் தங்கமான பையன்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

எதற்காக வருகிறான் என்று எனக்குத் தெரியாதா? சிறைக்குப் பயந்து வருகிறான். நான் கண்ணை மூடினால் அவன்தான் ஊருக்கு நேர்மையான ஆள். அதை நினைத்து ராத்திரி அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஒரு பாசத்தை வாங்கி வைத்துக்கொள்வது கேவலம் என்று எனக்கே தோன்றுகிறது.

ஆனாலும், போன வாரம் அவன் மருந்து வாங்கிக்கொண்டு வர நேரமானபோது, ஊசி குத்த வந்த நர்ஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். "பையன் வந்துரட்டும்மா" என்றேன்.